கொழும்பு டெத் மெட்டல் நிகழ்ச்சியும் முதலில் ஏறும் உள்ளூர் பேண்ட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு டெத் மெட்டல் பேண்ட் ஒன்று கொழும்புக்கு வருகிறது என்று போஸ்டர் வெளியானால் போதும், அன்றே எனக்கு மெசேஜ் வரத் தொடங்கிவிடும். டெத் மெட்டல் என்றால் சுருதி இறக்கிய கிட்டாரும் அதிவேக ட்ரம்ஸும் உறுமும் குரலும் சேர்ந்த கனமான ராக் இசை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பொடியன்கள், இரண்டொரு தங்கச்சிமார், சில நேரம் அவர்களுடைய அம்மாமாரும் கேட்பார்கள். பதினைந்து வருடமாக இந்த நிகழ்ச்சிகளுக்குப் போய் வருகிறேன். அதில் ஆறு வருடம் ஒரு சின்ன பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்தேன். பெரும்பாலும் நாங்கள்தான் முதலில் ஏறுவோம். அதனால் கீழே உள்ள பதில்களில் பாதி, சனத்துக்குள் நின்று பார்த்தவை. மீதி, மேடையில் நின்று பட்டவை.

போஸ்டரில் ஒரு பெயர் பெரிதாக இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் மூன்று நான்கு பெயர்கள். அவர்கள் யார்?

அவர்கள்தான் ஓப்பனிங் பேண்ட்கள், பெரிய பேண்டுக்கு முன் ஏறும் எங்கள் ஊர்க்காரர்கள். பெரிய பெயருக்கு உரியவர்கள் விமானத்தில் வந்து, ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ வாசித்துவிட்டு, அடுத்த நாள் வேறு நாட்டில் இருப்பார்கள். சின்ன எழுத்துக்காரர்கள் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கோ கம்பஸுக்கோ போவார்கள். ஒருவர் வங்கியில் இருப்பார், ஒருவர் டிசைன் வேலை செய்வார், ஒருவர் ஏ.எல். பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுப்பார். வெளிநாட்டு பேண்ட் வராத மாதங்களிலும் இந்த ஊரில் இந்த இசை நடக்கிறது என்றால் அது அவர்களால்தான்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

கதவு திறக்கும் நேரத்துக்கு. ஒன்பது மணிக்குப் போனால் பெரிய பேண்டைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். போஸ்டரில் ஆறு என்று இருந்தால் ஆறுக்கே வாசலில் நில்லுங்கள். நிகழ்ச்சி ஆறரைக்குத் தொடங்கலாம், ஏழரையும் ஆகலாம். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்துக் கடையில் ஒரு பிளேன் டீ குடிக்கலாம். முதல் பேண்ட் முதல் அடி அடிக்கும்போது நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில் விளங்கும்.

உள்ளூர் பேண்ட் வாசிக்கும்போது சத்தம் கலங்கலாக இருக்கிறது. பெரிய பேண்ட் ஏறியதும் தெளிவாகிறது. அப்படியானால் எங்கள் ஆட்களுக்கு வாசிக்கத் தெரியாதா?

தெரியும். காரணம் வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பது, தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியாக வாசிக்கப்போகும் பெரிய பேண்ட் மத்தியானமே முதலில் செய்துவிடும். பிறகு அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. முதலில் ஏறும் பேண்ட் கடைசியாகச் செய்யும். இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. கடைசியாகச் செய்தவர்களின் சாமான்கள் மேடையில் அப்படியே நிற்கும். கதவைத் திறந்ததும் அவர்கள் தொடங்கலாம். ஆனால் பெரிய பேண்டின் சோதனை ஒரு மணி நேரம் இழுத்தால் அந்த ஒரு மணி நேரம் யாருடைய கணக்கில் கழியும்? கடைசியில் நிற்பவர்களின் கணக்கில்தான். அவர்களுக்குக் கிடைப்பது லைன் செக் மட்டும். கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) வருகிறதா, ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சின்ன ட்ரம்) வருகிறதா, பேஸ் வருகிறதா, மைக் வருகிறதா, சரி, தொடங்குங்கள். மிக்ஸரில், அதாவது எல்லாச் சத்தத்தையும் கலந்து அளவு வைக்கும் மேசையில், நிற்பவருக்கு அந்த பேண்டின் முதல் பாட்டே சவுண்ட் செக்.

அடுத்தது கிட்டாரின் சுருதி. டெத் மெட்டலில் பல பேண்ட்கள் கிட்டாரைச் சாதாரண சுருதியிலிருந்து ஐந்து அரைச்சுரம் இறக்கி வைக்கும். அப்போது கிட்டாரின் தடித்த கம்பி ஏறக்குறைய 62 ஹெர்ட்ஸில் அதிரும். கிக் ட்ரம்மும் பேஸ் கிட்டாரும் ஏற்கெனவே குடியிருக்கும் இடம் அது. மூன்றும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வழி பிரித்துக் கொடுக்க மிக்ஸரில் நேரம் வேண்டும், முதல் பேண்டுக்கு இல்லாதது அந்த நேரம்தான்.

மண்டபமும் ஒரு காரணம். எங்கள் மண்டபங்கள் பலவும் சீமெந்துச் சுவரும் தளமுமாகக் கட்டியவை. ஆளில்லாத மண்டபத்தில் சத்தம் சுவரில் பட்டு, திரும்பி, மறு சுவரில் பட்டு, எல்லாமே ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆட்கள் நிறைந்தால் அந்த எதிரொலி குறையும், ஏனென்றால் மனித உடம்பும் உடுப்பும் சத்தத்தை உறிஞ்சும். பெரிய பேண்டுக்கு அறுநூறு பேர் நிற்கிறார்கள், முதல் பேண்டுக்கு நாற்பது பேர். நீங்கள் நேரத்துக்கு வந்து உள்ளே நின்றால், நிற்பதாலேயே அந்த பேண்டின் சத்தம் திருந்துகிறது. நேரத்துக்கு வாருங்கள் என்று நான் கெஞ்சுவதற்குப் பாதிக் காரணம் இது.

சில பேண்ட்கள் இரண்டு பாட்டோடு இறங்கிவிடுகின்றன. ஏன்?

பெரும்பாலும் அவர்களாக இறங்குவதில்லை, நேரம் வெட்டப்படுகிறது.

கொழும்பில் ஒலிபெருக்கி போட்டு நிகழ்ச்சி வைக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்து 2007இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடிய மண்டபமாக இருந்தாலும், சத்தம் வெளியே போய் அக்கம்பக்கத்தார் பொலிஸுக்குப் போன் எடுத்தால் கதை முடிந்தது. ஆகவே முடிகிற நேரத்தை நீட்ட முடியாது. தொடங்குகிற நேரமோ, சனம் வரட்டும் சனம் வரட்டும் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பெரிய பேண்டின் நேரத்தில் கை வைக்க முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது. நடுவில் கிடப்பது உள்ளூர் பேண்ட்களின் நேரம் மட்டும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ட்ரம்மருக்கு நுவரெலியாவில் வேலை. மூன்று மாதம், ஒவ்வொரு வெள்ளி இரவும் பஸ் ஏறி வருவார், இரண்டு காலாலும் கிக்கை அடிக்க உதவும் டபுள் பெடலை மடியில் வைத்துக்கொண்டு. அதைக் கீழே வைத்தால் செயின் கோணிவிடும் என்ற பயம். சனி முழுக்கப் பயிற்சி, ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போவார். ஆறு பாட்டுத் தயார் செய்தோம். அன்று நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் பிந்தியது. மேடைக்குப் பின்னால் நின்ற எங்களிடம் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார். இரண்டு பாட்டு. ட்ரம்மர் ஒன்றுமே பேசவில்லை. எந்த இரண்டு என்று மட்டும் கேட்டார். அந்த இரண்டையும் அவர் அன்று வாசித்த மாதிரி அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்கவில்லை. ஆனாலும் மீதி நான்கு பாட்டும் இன்று வரை மேடை ஏறவில்லை. சனம் நேரத்துக்கு வந்திருந்தால் நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்கியிருக்கும்.

இலங்கையில் உண்மையாகவே டெத் மெட்டல் பேண்ட்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. 2011இல் தொடங்கிய ஜெனோசைட் ஷ்ரைன்ஸ், டெத் மெட்டலும் அதன் உறவான பிளாக் மெட்டலும் கலந்த பேண்ட். 2015இல் அவர்களுடைய முழு ஆல்பம் வந்தது. பெங்களூரின் சைக்ளோப்பியன் ஐ நிறுவனம் வெளியிட்டது, வெளிநாடுகளில் தேடி வாங்கிக் கேட்கிறார்கள். சர்ப்பன்ட்ஸ் அத்தர்ஸ்ட் அதே பக்கத்தைச் சேர்ந்தது. ஃப்யூனரல் இன் ஹெவன் பிளாக் மெட்டல்.

இவர்களுக்கெல்லாம் வழி வெட்டியவர்களில் ஸ்டிக்மாட்டா முக்கியம். 1990களின் இறுதியில் கொழும்பில் தொடங்கிய பேண்ட். டெத் மெட்டல் என்று அவர்களைச் சொல்ல முடியாது. ஹெவி மெட்டல், அதன் வேகமான வகையான த்ராஷ் பக்கம். ஆனால் சொந்தப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஊரில் மண்டபத்தை நிரப்பலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். அதற்கு முன் ‘நல்ல பேண்ட்’ என்றால் வெளிநாட்டுப் பாட்டை அச்சுப் பிசகாமல் வாசிக்கிற பேண்ட் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

டெத் மெட்டல் எங்கிருந்து வந்தது? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

அமெரிக்காவில், 1980களின் நடுவில். சான் பிரான்சிஸ்கோ பக்கத்துப் பொசெஸ்ட் என்ற பேண்ட் 1985இலும், புளோரிடாவின் டெத் என்ற பேண்ட் 1987இலும் முதல் ஆல்பம் வெளியிட்டன. தம்பா நகரத்து மொரிசவுண்ட் ஸ்டூடியோ ஒரு சத்தத்தை உருவாக்கியது. ஸ்டொக்ஹோமில் வேறொரு சத்தம் பிறந்தது. கிட்டாரின் சத்தத்தை மாற்றும் பெட்டி, பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 என்ற பெடலை எடுத்து நான்கு குமிழையும் கடைசி வரை திருப்பி வைத்தால் மரம் அரியும் வாள் போல ஒரு இரைச்சல் வரும், அதுதான் அது. அந்தப் பெடலின் மலிவான நகல் ஒன்றை பெஹ்ரிங்கர் செய்தது. பழைய பெடல் கிடைக்காத ஊர்களில் எத்தனையோ பொடியன்கள் அந்த நகலில்தான் இந்தச் சத்தத்தைப் பழகினார்கள்.

அந்தப் பாட்டு வெறும் கத்தல்தானே?

க்ரவுல் என்று சொல்வார்கள். வெறும் கத்தலாக இருந்தால் இரண்டாவது பாட்டோடு தொண்டை போய்விடும். தொண்டையில் குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு சோடி மடிப்பு இருக்கிறது, பொய்க் குரல் நாண்கள் என்று பெயர். பழகியவர்கள் அதை அதிர வைக்கிறார்கள், காற்றை வயிற்றிலிருந்து தள்ளுகிறார்கள். சரியாகச் செய்தால் அரை மணி நேரம் பாடிவிட்டு இறங்கி உங்களோடு சாதாரணமாகக் கதைக்கலாம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வீடியோ பார்த்து இதைப் பழகத் தொடங்கும் தம்பிமாருக்கு ஒன்று: வலித்தால் நிறுத்துங்கள். வலி வந்தால் பிழையாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

ட்ரம்ஸ் ஏன் அவ்வளவு வேகம்? அதில் தாளம் இருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

நிமிடத்துக்கு 220 என்ற வேகத்தில் ஒரு பாட்டு போகிறது என்று வையுங்கள். ட்ரம்மர் ஒவ்வொரு துடிப்புக்கும் கிக்கில் நான்கு அடி வைத்தால் செக்கனுக்கு பதினான்கு, பதினைந்து அடி. இரண்டு காலும் மாறி மாறி, குதிகால் நிலத்தில் படாமல். மேலே கைகள் பிளாஸ்ட் பீட் வாசிக்கும்: ஸ்நேரும் சிம்பல் என்ற உலோகத் தட்டும் கிக்கும் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று துரத்தும். முதல்முறை கேட்பவருக்கு அது ஒரே இரைச்சல். ஆனால் ஆடி வேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ரதம் வரும்போது தவிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழி பிடித்து, நாதஸ்வரம் ஓய்ந்த இடத்தில் இரண்டு தவில்காரர்கள் மாறி மாறி ஏற்றிக்கொண்டு போவார்களே, அதை நெஞ்சில் வாங்கிய ஆளுக்கு பிளாஸ்ட் பீட் பயமில்லை. எத்தனை வேகமாகப் போனாலும் ஒரு இடத்தில் வந்து விழும் என்று எங்கள் காது எதிர்பார்க்கும். டெத் மெட்டலிலும் அது விழும். அந்த இடத்தில்தான் சனம் முழுவதும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டும்.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு கிட்டார்காரத் தம்பி. அவனுடைய அம்மா ஒருமுறை நிகழ்ச்சிக்கு வந்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, மண்டபத்தின் ஓரத் தூணில் சாய்ந்து நின்றார். மகனின் பேண்ட் முடிந்ததும் என்னிடம் சொன்னார்: “இவ்வளவு நாளும் அறைக்குள்ள சத்தம் போடுறான் எண்டுதான் நினைச்சன் தம்பி. இதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு.” கோயிலில் தவில் கேட்டு வளர்ந்தவர் அவர். எவரும் விளக்காமல் அவருக்கு விளங்கியது.

சாத்தான் பாட்டு என்கிறார்களே. என் மகனை விடலாமா?

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. சுருக்கமாகத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

சமயத்தை எதிர்த்துப் பாடும் பேண்ட்கள் இருக்கின்றன, அதை மறைக்கத் தேவையில்லை. பிளாக் மெட்டலில் அது கூடுதல். ஆனால் டெத் மெட்டலில் பெரும்பகுதி மரணம், நோய், போர், மனித உடம்பு, வரலாறு. அமெரிக்காவின் நைல் என்ற பேண்ட் பழைய எகிப்தைப் பற்றியே பாடுகிறது. சிங்கப்பூரின் ருத்ரா 1992இல் தொடங்கியது. டெத் மெட்டலுக்குள் வேத மந்திரங்களையும் சமஸ்கிருதத்தையும் கொண்டுவந்தது. என்ன பாடுகிறார்கள் என்று மகனிடமே கேளுங்கள், வரிகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிடிக்காத பேண்ட் இருந்தால் அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாவைப் பற்றி ஏன் பாட வேண்டும் என்று எங்கள் வீடுகளில் கேட்பதில் ஒரு கனம் இருக்கிறது. 1983 ஜூலையைக் கண்ட வீடுகள் இவை. 2009 வரை, இரவில் யாராவது வரப் பிந்தினால் வாசலில் நின்ற வீடுகள். சாவைப் பற்றி யாரும் கதைக்காத வீட்டில் நான் வளர்ந்தேன். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். பதினேழு வயதில் ஒரு மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து அதையே சத்தமாகச் சொன்னபோது எனக்குள் ஏதோ இறங்கி இளைப்பாறியது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை. எனக்கு இருந்தது.

மொஷ் பிட்டுக்குள் போனால் அடி விழுமா?

மொஷ் பிட் என்பது மேடைக்கு முன்னால் சனம் ஒருவரையொருவர் முட்டித் தள்ளி ஆடும் இடம். முட்டுப்படும், தள்ளுப்படும். வேண்டுமென்றே அடிப்பதில்லை. யாராவது விழுந்தால் உடனே நான்கு கை வந்து தூக்கும். அந்த ஒரு சட்டத்தை எல்லோரும் மதிக்கிறார்கள். கண்ணாடி, போன், சங்கிலி எல்லாவற்றையும் நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சப்பாத்து போடுங்கள், செருப்பு வேண்டாம். விருப்பமில்லாவிட்டால் சுவரோரம் நில்லுங்கள், யாரும் இழுக்க மாட்டார்கள்.

நான் முதல்முறை விழுந்தபோது என்னைத் தூக்கியவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பெருவிரலைக் காட்டினேன், அவரும் காட்டினார். அது சோதனைச்சாவடிகளின் ஞாபகம் இன்னும் காயாத காலம். அறிமுகமில்லாத ஒருவர் என் தோளைப் பிடித்தால் உடம்பு தானாக விறைக்கும். அன்று விறைக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் பிட்டில் தமிழ், சிங்கள, முஸ்லிம், பறங்கிப் பிள்ளைகள் ஒருவர் வியர்வை ஒருவர் மேல் பட நிற்கிறார்கள்.

பெண்கள் போகலாமா?

போகலாம், போகிறார்கள், வாசிக்கவும் செய்கிறார்கள். எண்ணிக்கை இன்னும் குறைவு. இரண்டு மூன்று பேராகப் போங்கள். மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நின்றால் இடமும் கிடைக்கும், சத்தமும் அங்கேதான் மிகச் சரியாக இருக்கும். யாராவது தொந்தரவு செய்தால் பொறுத்துப் போக வேண்டாம். ஏற்பாட்டாளர்களிடமோ மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் பேண்ட்காரரிடமோ சொல்லுங்கள். பாட்டை நிறுத்தி ஆளை வெளியே அனுப்பியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படி நிறுத்தாத இடம் என்றால் அந்த இடத்துக்கு மறுபடி போகாதீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்.

காது கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகும், காவல் செய்யாவிட்டால். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வேலைத்தலங்களுக்கு வகுத்த கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வந்தால் பதினைந்து நிமிடம்தான். மெட்டல் நிகழ்ச்சி அதற்கு மேலேயும் போகும். பாமசியில் நுரை காதடைப்பான் வாங்கலாம், கொத்து ரொட்டியை விட மலிவு. ஆறு வருடம் காதடைப்பான் இல்லாமல் சிம்பலுக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது இரவு அறையில் விசிறியை நிறுத்தினால் இடது காதில் ஒரு கூவல் கேட்கும். அது போகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்தக் கொட்டாஞ்சேனை அம்மா வைத்த பஞ்சு போதாது. காதடைப்பானை விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விடுங்கள். அது ஊதிப் பொருந்தும் வரை விரலால் பிடித்திருங்கள்.

உள்ளூர் பேண்டுக்குக் காசு கிடைக்குமா?

பெரும்பாலும் இல்லை. வாகனச் செலவுக்கு ஏதாவது கொடுத்தால் நல்ல ஏற்பாட்டாளர். போய் வரும் வேனுக்கு, பயிற்சி அறையின் மணிக்கணக்கு வாடகைக்கு, கம்பிக்கு, குச்சிக்கு எல்லாம் சொந்தச் சம்பளத்திலிருந்துதான் போகும். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி தடைப்பட்டபோது ஒரு செட் கம்பியின் விலையைப் பார்த்துவிட்டு, பழைய கம்பிகளைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்க வைத்து மறுபடி மாட்டினோம். அழுக்குக் கழன்று, இரண்டு நாளைக்குப் புதுசு போல ஒலிக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டு. ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல், இருட்டில், கிட்டாரை வெறுமனே மீட்டிக்கொண்டும் தலையணையில் குச்சியால் அடித்துக்கொண்டும் பயிற்சி செய்த பேண்ட்கள் அடுத்த வருடம் மேடையில் நின்றன.

சில இடங்களில் இன்னொரு வழக்கம் இருக்கிறது: ஐம்பது டிக்கெட்டை பேண்டின் கையில் கொடுத்து, விற்றால் மேடை, விற்காவிட்டால் மீதிக் காசை நீங்கள் கட்டுங்கள் என்பது. தம்பிமாரே, இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வாசிக்க வருபவரிடமே காசு வாங்குவது பிழை.

எங்கள் பேண்டுக்கு ஓப்பனிங் வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்?

சொந்தப் பாட்டு நான்காவது தயாராக இருக்க வேண்டும். நல்லபடியாகப் பதிவு செய்த ஒரு பாட்டு வேண்டும், வீட்டில் செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை. மேடையில் யார் எங்கே நிற்பார், எத்தனை மைக், எத்தனை ஆம்ப் என்று ஒரு பக்கத்தில் வரைந்து வைத்திருங்கள். ஏற்பாட்டாளர் கேட்காவிட்டாலும் அனுப்புங்கள்.

ஆனால் இவற்றை விடப் பெரிய விஷயம், நீங்கள் மற்ற பேண்ட்களின் நிகழ்ச்சிக்குப் போகிறீர்களா என்பது. இந்த வட்டம் சின்னது, எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும். தங்கள் பேண்ட் வாசிக்கும் நாளில் மட்டும் தலை காட்டி, வாசித்து முடிந்ததும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை அடுத்த முறை யாரும் நினைப்பதில்லை. ஒருமுறை நடுப் பாட்டில் எங்கள் கிட்டார்காரரின் கம்பி அறுந்தது. பாட்டு நிற்கும் முன்பே, அடுத்து ஏற வேண்டிய பேண்டைச் சேர்ந்தவர் மேடை ஓரத்தில் முழங்காலிட்டு, தன் கிட்டாரை, அவர் இன்னும் வாசிக்காத கிட்டாரை, நீட்டிக்கொண்டு இருந்தார். அவர் கேட்டால் நான் இன்றைக்கும் எங்கேயும் போவேன்.

மேடைப் பழக்கமும் முக்கியம். ட்ரம்ஸ் பொதுவாக எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மூன்றையும் ஒவ்வொரு ட்ரம்மரும் தானே கொண்டுவருவார். இரண்டு பேண்டுக்கு நடுவில் பதினைந்து நிமிடம். உங்கள் கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடையில் நின்று படம் எடுக்க வேண்டாம். சிம்பலை ஸ்டாண்டோடு தூக்கி ஓரத்துக்குக் கொண்டுபோய் அங்கே கழற்றுங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் மூன்று நிமிடம் அடுத்த பேண்டுக்கு ஒரு பாட்டு.

உள்ளூரில் வாசித்து எங்கே போய்ச் சேர முடியும்?

பிரேசிலின் செபுல்துரா 1984இல் பெலோ ஹொரிசொன்டே என்ற ஊரில் தொடங்கியது. அந்த நாளில் மெட்டல் உலகத்தில் அந்த ஊரை யாருக்கும் தெரியாது. முதல் இசைத்தட்டை அதே ஊர் பேண்ட் ஒன்றோடு பாதிப் பாதியாகப் பங்குபோட்டுத்தான் 1985இல் வெளியிட்டார்கள். 1989இல் ஐரோப்பா போனது ஜெர்மனியின் சோடொம் என்ற பேண்டுக்கு ஓப்பனிங் பேண்டாக. அதற்குப் பிறகு உலகம் முழுக்கத் தெரிந்த பேண்ட் ஆனார்கள்.

தமிழில் டெத் மெட்டல் பாடலாமா?

பாட வேண்டும். க்ரவுலுக்குத் தேவை வல்லினம், எங்களிடம் ஆறு வல்லின எழுத்து இருக்கிறது. அது இரட்டிக்கும் இடங்களைப் பாருங்கள்: முற்றம், கட்டு, நெருப்பு, அறுத்து. ‘ற்ற’ என்று நாக்கு இறுகித் திறக்கும் இடத்தில் கிக் ட்ரம் வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். ஒப்பாரி உள்ள மொழி இது, பரணி பாடிய மொழி. போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிப்பதை ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்பே பாடி வைத்திருக்கிறார்கள் எங்கள் ஆட்கள். இப்போது பெரும்பாலான உள்ளூர் பேண்ட்கள் ஆங்கிலத்தில் எழுதுகின்றன. கொழும்பில் ஒரு பேண்ட் முழுக்கத் தமிழில் எழுதிக்கொண்டு மேடை ஏறும் நாளில் முன்வரிசையில் நான் நிற்பேன். வரிகள் எழுத உதவி வேண்டுமென்றாலும் கேளுங்கள்.

முடிந்து வீட்டுக்கு எப்படி வருவது?

பத்தரைக்கு மேல் காலி வீதியில் 100, 101 பஸ் வரும் என்று நம்பி நிற்க வேண்டாம். மூன்று பேர் சேர்ந்து பிக்மீ செயலியில் வாகனம் போடுங்கள். மண்டப வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் விலை ஏறும். ஐந்து நிமிடம் நடந்து அடுத்த சந்திக்குப் போய்ப் போடுங்கள்.

ஒரு உள்ளூர் பேண்ட் பிடித்துவிட்டது. அவர்களுக்கு நான் என்ன செய்யலாம்?

டீசேர்ட் இருந்தால் வாங்குங்கள். சீடி இருந்தால், அதைப் போட வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வாங்குங்கள். காசில்லை என்றால் அவர்களைத் தேடிப் போய் நேரில் சொல்லுங்கள். ‘நல்லா இருந்தது’ என்று பொதுவாகச் சொல்லாமல் எந்தப் பாட்டு, எந்த இடம் என்று சொல்லுங்கள். பெரிய பேண்ட் வாசிக்கும் நேரத்தில் மண்டபத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே அல்லது வேனுக்குப் பக்கத்தில், முதல் பேண்டின் ட்ரம்மர் குந்தியிருந்து ஈரத் துணியால் பெடல் செயினைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். மூன்றாவது பாட்டில் வேகம் குறைகிற இடம் எனக்கு மயிர் கூச்செறிந்தது அண்ணா என்று சொல்லுங்கள். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.